ஆர்கன் கொட்டையை உடைப்பவர்கள்

ஷாம்பூ பாட்டிலின் பின்பக்கத்தை முழுசாகப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. 'மொராக்கோ ஆர்கன் எண்ணெய்' என்று போட்டிருந்தது. அதில் எத்தனை சொட்டு இருக்கும் என்று தேடப்போய், ஒரு மரத்தின் நூறு வருடக் கதையில் மாட்டிக்கொண்டேன்.

ஆர்கன் தென்மேற்கு மொராக்கோவில், அட்லஸ் மலைச்சரிவுகளிலும் சூஸ் சமவெளியிலும் வளரும் முள்மரம். ஆடுகள் கிளைமேல் ஏறி நின்று மேயும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதே மரம்தான். அமாசிக் மக்களுக்கு விறகு, தீவனம், சமையல் எண்ணெய் எல்லாம் அதிலிருந்துதான். 1925-ல் பிரெஞ்சு ஆட்சி ஆர்கன் காட்டுக்கென்று தனிச்சட்டம் போட்டது. காடு அரசுக்கு, பழம் பொறுக்கவும் மேய்க்கவும் விறகு எடுக்கவும் ஊராருக்கு இருந்த பழைய உரிமை மட்டும் மிஞ்சியது.

எண்ணெய் எடுப்பது பெண்கள் வேலை. காய்ந்த பழத்தை உரித்து, கொட்டையைக் கல்மேல் வைத்து இன்னொரு கல்லால் தட்டி உடைத்து, பருப்பை வறுத்துத் திருகையில் அரைத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து பிழிவார்கள். ஒரு லிட்டருக்கு முப்பது கிலோ பழமாவது வேண்டும். நாள் முழுக்க உடைத்தாலும் ஒருத்திக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் பருப்பு தேறும்.

ரபாத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஸுபைதா ஷரூஃப் இந்த மரத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர். எண்ணெய்க்கு நல்ல விலை கிடைத்தால் ஊராரே மரத்தைக் காப்பார்கள் என்பது அவர் கணக்கு. 1996-ல் தமனார் என்ற ஊரில் 'அமல்' கூட்டுறவு அவர் முயற்சியில் தொடங்கியது. அமல் என்றால் அரபியில் நம்பிக்கை. முதலில் சேர்ந்தவர்கள் விதவைகளும் விவாகரத்தானவர்களும். வெளியே போகாதே என்று சொல்ல வீட்டில் கணவன் இல்லையே! பிசையும் வேலைக்கு இயந்திரம் வந்தது. தண்ணீர் சேராததால் எண்ணெய் மாதக்கணக்கில் கெடாமல் நின்றது. ஏற்றுமதிக்கு வழி பிறந்தது.

இங்கேதான் என் தொழில்புத்தி இடறியது. மென்பொருளில் எந்தப் பகுதி மெதுவாக ஓடுகிறதோ அதைத்தான் முதலில் பிடித்துச் சரிசெய்வோம். ஆர்கனில் மெதுவான வேலை உடைப்பதுதான். ஆனால் அந்தப் பெண்கள் இல்லாமல் நடக்காத ஒரே வேலையும் அதுதான். பிழியும் இயந்திரத்தைக் காசுள்ள யாரும் வாங்கலாம், வாங்கினார்கள். தனியார் ஆலைகள் பருப்பை மட்டும் எடைபோட்டு எடுத்துக்கொண்டன. உடைத்தவளுக்குக் கிலோ கணக்கில் கூலி, அவ்வளவுதான். புவிசார் குறியீடும் பின்னால் வந்தது. அது ஊர்ப்பெயரைக் காக்கும். லாபம் யார் கைக்குப் போகிறது என்று கேட்காது.

விலையேற்றத்தில் பயன்பெற்ற வீடுகள் என்ன செய்தன என்று 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆடு வாங்கின. பெண்பிள்ளைகள் தொடக்கப் பள்ளியோடு நிற்காமல் மேலே படிப்பது கூடியிருந்தது. காடு மட்டும் தேறவில்லை. பழம் தானாக விழும்வரை பொறுக்காமல் கழியால் அடித்ததில் கிளைகள் ஒடிந்தன. கூடுதல் ஆடுகள் வேறு மேய்ந்தன.

ஷரூஃபின் கணக்கு மரத்தின் விஷயத்தில் பிசகிவிட்டது, சரி. ஆனால் மகளைப் பள்ளிக்கு அனுப்பிய அம்மாவிடம் போய் திட்டம் தோற்றுவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. ஆடு வாங்கியதையும் குறை சொல்ல மாட்டேன். மலையில் ஆடுதான் சேமிப்புக் கணக்கு.

கொட்டை உடைக்க ஓர் இயந்திரம் வரைந்து பார்க்கும் ஆசை எனக்கும் வந்தது, படித்தது பொறியியல் ஆயிற்றே. அது கூட்டுறவின் கொட்டகையில் நிற்குமா, ஆலையில் நிற்குமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன்.