வன்னி வீதிகளில் பிரித்தானியக் கார்கள்

பிரித்தானிய ஸ்போட்ஸ் கார்கள் உலகெங்கும் ஒருவகை மோகத்துடன் பேணப்படுகின்றன. அவற்றின் வேகமும் வடிவழகுமே அம்மோகத்திற்குக் காரணம் எனக் கூறுவர். ஆயின், 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. காரின் 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்னும் குடும்பக் காரின் இயந்திரமும் ஒரே வகையின. 1958இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற், மொறிஸ் மைனர் 1000 காரின் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தையே திருத்தியமைத்துக் கொண்டது. ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் 1952இல் இணைந்தமையின் பயன் இது. எனவே, வன்னியில் ஓடிய பழைய கார்கள் அப்புகழ்பெற்ற கார்களின் உடன்பிறப்புகளே எனலாம். அவற்றின் கவர்ச்சி எதில் தங்கியிருந்தது என்பதற்கு வன்னி வேறொரு விடை தருகின்றது.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பின்னர் யப்பானிய வாகனங்கள் பெருகின. எனினும், வடக்கில் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் வாடகைக் கார்களாக நிலைத்தன.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கிற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. மண்ணெண்ணெயே எரிபொருளாயிற்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அமுக்கம் மிகுந்த இயந்திரத்தில் தட்டொலி எழுப்பும். இப்பழைய இயந்திரங்களின் அமுக்கமோ இக்கால இயந்திரங்களினதை நோக்கக் குறைவு. அன்றியும், உட்கொள் குழாயும் புகைக் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்தமையால், புகையின் வெப்பம் எரிபொருள் ஆவியாக உதவியது. காபிறேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். ஸ்போட்ஸ் கார்கள் வேகத்துக்காக இரண்டு காபிறேற்றர்களைக் கொண்டிருந்தன. ஒன்றே கொண்ட குடும்பக் காரைச் சீர்செய்வது எளிதாயிற்று.

இதனை வெறும் சாதனையாகப் போற்றுதல் பொருந்தாது. எரியாத மண்ணெண்ணெய் மசகெண்ணெயிற் கலந்து இயந்திரத்தைத் தேய்த்தது; கரும்புகை பயணிகளை வருத்தியது. மின்சாரமற்ற அக்காலத்தில் மாணவரின் விளக்கும் அதே மண்ணெண்ணெயையே வேண்டி நின்றது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின் பெருந்தொகையான மக்கள் வன்னியை அடைந்தனர். 1996இல் கிளிநொச்சியும் போர்க்களமாக, மல்லாவியும் புதுக்குடியிருப்பும் சனநெருக்கம் மிக்க ஊர்களாயின. அங்கெல்லாம் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குச் சேர்த்த வாகனங்களுள் இக்கார்களும் அடங்கும்.

2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ9 வீதி திறந்தது. பெற்றோலும் புதிய வாகனங்களும் வந்தன. 2009இல் போர் முல்லைத்தீவுக் கரையில் முடிவுற்றபோது, மக்கள் கைவிட்ட எண்ணற்ற வாகனங்கள் முள்ளிவாய்க்காலை அண்டிய வெளிகளிற் துருவேறிக் கிடந்தன.

இங்கிலாந்தில் பழைய காரைப் பேணுவோர் அதனைத் தாமே விரும்பித் தெரிந்தவர். வன்னி மக்களுக்கோ அது காலம் சுமத்திய தெரிவு. ஆயினும், இரு சாராரும் போற்றிய பண்பு ஒன்றே: திறந்து பார்ப்பவனுக்குத் தன் இயக்கத்தை மறைக்காத எளிமை. அவ்வெளிமையை உயிர்காக்கும் கருவியாக்கியவர்கள் ஊர்த் திருத்துநர்களே. அவர்தம் அறிவு பெரும்பாலும் கைவழி வந்தது, ஏட்டில் ஏறாதது. அவர்கள் வாழும் காலத்திலேயே அதனைக் கேட்டுப் பதிவு செய்தல் பல்கலைக்கழக மாணவரின் கடமையாகும்.