கொடை விழாவும் வால்வு ஆம்பிளிஃபயரும்: சாத்தான்குளம் வட்டாரத்தில் ஒரு பழுதுபார்ப்புத் தொழிலின் வரலாறு

தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து சற்று உள்வாங்கிச் செம்மணல் தேரிகளும் பனங்காடுகளுமாகக் கிடக்கும் சாத்தான்குளம் வட்டாரத்தில், கோயில் கொடையும் தேவாலயப் பொது விருந்தாகிய அசனமும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எவ்வாறு கேட்டன என்பதை முடிவு செய்தவர்களில் பாடகர்களுக்கும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் நிகரான இடம் ஆம்பிளிஃபயர் பழுதுபார்த்தவர்களுக்கும் உண்டு. 1908ஆம் ஆண்டு தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தத்தின்போது வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆயிரக்கணக்கானோர்முன் எந்தக் கருவியின் துணையுமின்றித் தொண்டையை மட்டும் நம்பிப் பேசினர். 1931ஆம் ஆண்டு கராச்சி காங்கிரஸ் மாநாட்டிலோ மோட்வானி குடும்பத்தாரின் ‘சிகாகோ ரேடியோ’ ஒலிபெருக்கிகள் முழங்கின. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட மாற்றத்தைச் சாத்தியமாக்கிய பொருள் வால்வு என்னும் வெற்றிடக் குழல் ஆகும்.

காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழலுக்குள் இழை ஒன்று சூடேறி எதிர்முனையை வெப்பமாக்க, அதிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்கள் நேர்மின்னழுத்தம் தரப்பட்ட தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள கம்பிவலை, வாய்க்கால் நீரை மதகு அடக்குவதுபோல, அந்தப் பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கிறது. ஃப்ளெமிங் 1904இல் இருமுனைக் குழலை உருவாக்க, லீ டி ஃபாரஸ்ட் 1906இல் அதனுள் மூன்றாவது முனையைச் சேர்த்ததிலிருந்து, நுண்ணிய மின்னலையைப் பெரிதாக்கும் கலை பிறந்தது.

இக்கரைக்கு அந்தக் கலை வானொலியின் வழியாகவே வந்து சேர்ந்தது. சென்னையில் 1924இல் தொடங்கப்பட்ட மாகாண வானொலிக் கழகம் 1927இலேயே நின்றுபோன நிலையில், கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு வளர்ந்து, 1949இல் போர்க்கால நிலையமொன்றின் ஆற்றல்மிக்க சாதனங்களையும் பெற்று, இலங்கை வானொலியாகத் தென்தமிழகமெங்கும் ஒலித்தது. சென்னையைவிடக் கொழும்பே தூத்துக்குடிக்கு நெருக்கம். திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் வந்ததோ 1963இல்தான். ஆகவே இவ்வட்டாரத்து மக்களின் திரையிசைச் செவி கொழும்பில் பழகிய செவி என்று சொல்வது மிகையாகாது. வால்வு ரேடியோ பரவிய ஊர்களில் அதைப் பழுதுபார்க்கும் கடையும் முளைத்தது. அந்தக் கடையை நடத்தியவரே பெரும்பாலும் ஆம்பிளிஃபயரையும் திறந்து பார்த்தார், வசதி வந்தபோது தாமே ஒரு மைக்செட்டுக்கும் உரிமையாளரானார். மின்சாரம் எட்டாத ஊர்களில் ஆறு அல்லது பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை வைத்து, ‘வைப்ரேட்டர்’ எனப்படும் அதிர்வுச் சாவியால் அந்த நேர்மின்சாரத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, டிரான்ஸ்ஃபார்மர் வழியே சில நூறு வோல்ட்டாக உயர்த்தி வால்வுகளை இயக்கினர்.

கருவியிடம் இவ்வூர்கள் எதிர்பார்த்தது சிறிதன்று. சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் எடுக்கும் கொடையில், சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாடலோடு தொடங்கும் இசைத்தட்டுகள் பகலெல்லாம் சுழன்றபின், இரவில் வில்லுப்பாட்டுக் குழுவுக்கு மைக் பிடிக்க வேண்டும். முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம் போன்ற கிறித்தவ ஊர்களில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அசனத்துக்கும், முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் நாகூர் ஹனிபாவின் பாடல்களுக்கும், குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கும் அதே வண்டியில் அதே பெட்டி சென்றது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ ஆகிய படங்களின் வசனத் தட்டுகளை ஊரே மனப்பாடம் செய்தது பனைமரத்திலும் கம்பத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகளின் வழியாகத்தான்.

குழாய் என்று மக்கள் அழைத்த கூம்பு ஒலிபெருக்கியின் அடியில் ‘யூனிட்’ எனப்படும் இயக்குபகுதி இருக்கிறது. அதனுள் மெல்லிய டயாஃப்ரமும் கம்பிச்சுருளும் உள்ளன. நெடுந்தொலைவுக்கு ஒயர் இழுத்துப் பல குழாய்களை இணைக்க வேண்டியிருந்ததால், ஆம்பிளிஃபயரின் வெளியீட்டை நூறு வோல்ட் அளவில் அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைத்துக்கொள்ளும் முறை பல நாடுகளில் வழக்கமானது. காற்றில் ஒயர்கள் உரசி ஒன்றோடொன்று ஒட்டினாலும் வால்வு ஆம்பிளிஃபயர் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பாதுகாப்புச் சுற்று இல்லாத தொடக்ககால டிரான்சிஸ்டர் பெட்டியோ நொடியில் எரிந்துவிடும். மாறாக, ஒயர் அறுந்து சுமையே இல்லாமல் முழு ஒலியில் ஓடினால், வால்வுப் பெட்டியின் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி உட்காப்புத் தாளைத் துளைத்துவிடும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருப்பதே தொழில் தெரிந்தவருக்கு அடையாளம்.

கடற்கரையின் உப்புக்காற்றும் ஈரமும் பழுதுகளுக்குத் தனி முகம் கொடுத்தன. வால்வு பொருந்தும் சாக்கெட்டின் பற்றுகள் பச்சை படிந்து கறகறப்பு எழும்; பழைய கரி ரெசிஸ்டர்கள் ஈரம் வாங்கி மதிப்பில் ஏறும்; மின்பகு கண்டென்சர்கள் உலர்ந்து ஒலியினடியில் இடைவிடாத ரீங்காரம் கேட்கும். இவற்றுள் மிக நயவஞ்சகமானது மெழுகுத் தாள் கண்டென்சரின் கசிவு: முன்நிலை வால்வின் உயர்மின்னழுத்தம் அதன்வழி சிறிது சிறிதாக வெளியீட்டு வால்வின் வலைக்குள் ஊறி, எதிர்மறையாக இருக்க வேண்டிய வலையை நேர்மறையாக்கிவிட, தகடு செந்நிறமாகக் கனலும். வால்வை மட்டும் மாற்றுபவர் மறுவாரமும் வால்வு மாற்றுவார். கண்டென்சரை மாற்றுபவரே பழுதை நீக்கியவர். உள்ளே நானூறு வோல்ட்டுக்கும் மேல் நிற்பதால், இணைப்பை எடுத்த பின்னும் கண்டென்சரில் தங்கிய மின்னேற்றத்தை வடியவிட்டபின்தான் கைவைக்க முடியும்.

பழுதுபார்த்தல் எங்கே முடிகிறது, திருத்தியமைத்தல் எங்கே தொடங்குகிறது என்று இத்தொழிலில் கோடு கிழிக்க இயலாது. 6எல்6 வால்வு கிடைக்காதபோது அதே எட்டுமுனைச் சாக்கெட்டில் இஎல்34ஐப் பொருத்த விரும்பினால், அது 0.9 ஆம்பியருக்குப் பதில் 1.5 ஆம்பியர் இழைமின்சாரம் கேட்பதை மின்வழங்கு டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். முதல் முனையை எட்டாம் முனையோடு இணைக்க வேண்டும். வலையின் எதிர்மறை அழுத்தமாகிய ‘பயாஸை’ப் புதிதாக அமைக்க வேண்டும். குழாயோ தாழ்சுருதிகளை ஒலிக்கவல்லதன்று. அவை டயாஃப்ரத்தைக் கிழிக்கவே செய்யும். எனவே இணைப்புக் கண்டென்சரின் மதிப்பைக் குறைத்துத் தாழ்சுருதியை நுழைவிலேயே மட்டுப்படுத்தினால் யூனிட்டும் பிழைக்கும், குரலும் தொலைவுக்குத் தெளிவாகச் செல்லும். கொடைப்பாட்டின் கணீரென்ற அந்த முழக்கம் பாதி குழாயின் இயல்பு, பாதி இத்தகைய திருத்தங்களின் விளைவு.

மேலை நாடுகளில் இதே வேலைக்குக் கிட்டார் ஆம்பிளிஃபயர் களமாயிற்று. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையினர் அமெரிக்க ஃபெண்டர் ‘பேஸ்மேன்’ பெட்டியின் சுற்றைப் பின்பற்றி ‘ஜேடிஎம்45’ஐ உருவாக்கியபோது, தொடக்கத்தில் 5881 வால்வுகளையும் பின்னர் பிரித்தானியாவின் கேடி66ஐயும், அதன்பின் இஎல்34ஐயும் பயன்படுத்தினர், கைக்கெட்டிய வால்வுக்கேற்ப மாறிய அந்த ஒலி ராக் இசையின் ஒலியாகவே நிலைபெற்றது. கிட்டார் இசைஞர் வால்வு திணறும்போது எழும் சிதைவை விரும்பித் தேடினார். மைக்செட்காரர் அதே சிதைவைத் தவிர்க்கப் பாடுபட்டார். நோக்கம் எதிரெதிரானாலும் கைவேலை ஒன்றே. அங்கே திருத்தியவர்களின் பெயர்கள் நூல்களில் ஏறின. இங்கே திருத்தியவர்களின் கைத்திறனுக்குச் சான்றாக எஞ்சியிருப்பவை பெட்டிகளுக்குள் உள்ள ஈயப்பற்றுகளே, அவற்றையும் பழைய இரும்பாக எடைக்குப் போடுமுன் ஆவணப்படுத்த வேண்டியது வட்டார வரலாற்றாய்வாளரின் கடமை.

டிரான்சிஸ்டர் மலிந்து, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உள்ளிட்ட ஆலைகள் வானொலி வால்வு உற்பத்தியைக் கைவிட்டபோது உதிரிப்பொருள் அருகியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. தமிழ்நாட்டில் கூம்பு ஒலிபெருக்கிக்கே நீதிமன்ற ஆணைகளின் வழித் தடை வந்தது. நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அமைதி கொடுத்த அந்தத் தடை நியாயமானதே. பழைய பெட்டிகளை இன்றும் பேணுபவருக்கு இஎல்34 கிடைப்பது ரஷ்யாவின் சரத்தோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா போன்ற ஊர்களின் ஆலைகளால். அந்த ஆலைகளைப் பெரிதும் வாழவைத்திருப்பது உலகெங்குமுள்ள கிட்டார் இசைஞர்களின் தேவை. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் மட்டும் இறக்குமதி எளிதில் உதவாது. பழைய சுருளைச் சுற்றுசுற்றாக எண்ணிப் பிரித்து, அதே தடிமனுள்ள எனாமல் கம்பியை அடுக்குக்கு அடுக்கு தாள் வைத்துச் சுற்றி, வார்னிஷில் நனைத்து உலர்த்தும் ஆளைத்தான் தேட வேண்டும்.