சிம்னி விளக்கும் இ-சிகரெட்டும்



மகன் பையில் இ-சிகரெட் இருந்ததாக, பேளுக்குறிச்சியில் என்னிடம் படித்த ஒருவர் போனில் கலங்கினார். "உள்ளே என்ன சார் இருக்கு?" என்றார்.

திரிதான். நம் வீட்டுச் சிம்னி விளக்கில் மண்ணெண்ணெய் திரி வழியே தானாக ஏறுமே, அதே நுண்புழை ஏற்றம்தான்.

1963இல் அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் புகையில்லா சிகரெட்டுக்குக் காப்புரிமை கோரினார். அது சந்தைக்கு வரவில்லை. 2003 வாக்கில் சீன மருந்தாளுநர் ஹான் லிக் உருவாக்கியதே உலகெங்கும் பரவியது. நிகோடின் கலந்த திரவத்தைத் திரி உறிஞ்சும். சூடான கம்பிச்சுருள் அதை ஆவியாக்கும். தொடக்கத்தில் சிலிக்கா கயிறு திரியாகப் பரவலாக இருந்தது. அதைப் பிரித்தெடுத்துப் பஞ்சு வைத்துப் பார்த்தவர்கள், சுவை கூடியது என்றார்கள். பின்னர் பஞ்சே வழக்கமானது.

திரி மாறியது, தீமை மாறவில்லை. எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகுவதுபோல இங்கும் பஞ்சு கருகும். திரவம் அதிகம் சூடேறிச் சிதைந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். அது நேரே நுரையீரலுக்குப் போகும்.

2018இல் தமிழ்நாடும், 2019இல் இந்திய அரசும் இதைத் தடைசெய்தன.

பையில் கண்டால் கை ஓங்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து இந்தத் திரியின் கதையைச் சொல்லுங்கள்.