உடலும் உயிரும்



நான் ஆசிரியனாயிருந்த நாளில் மாணவனொருவன், “ஐயா, பிரம்மம் ஒன்றே உண்மையெனில், நானும் இவ்வுலகமும் பொய்யா?” என்று வினவினான். “தேர்வுக்கு உரியதைப் படி” என்று கூறி அவனை அமர்த்திவிட்டேன். அது பிழை, அவ்வினா வேதாந்த வரலாற்றையே இயக்கிய வினா.

வேற்றுமை அவித்தையால் விளையும் தோற்றம் என்றார் சங்கரர். இறைவனும் உயிரும் என்றும் வேறே என்றார் 13-ஆம் நூற்றாண்டில் தத்துவவாதம் கண்ட மத்துவர். இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில், திருவரங்கத்தில் வாழ்ந்த இராமாநுசர், ஒருமை, வேற்றுமை இரண்டையும் ‘ஸ்ரீபாஷ்ய’த்தில் ஒருங்கே காத்தார். உயிரால் தாங்கப்பட்டு, உயிரால் ஏவப்பட்டு, உயிருக்கென்றே இருப்பது உடல். அவ்வாறே சித்தாகிய உயிர்களும் அசித்தாகிய சடப்பொருளும் இறைவனுக்கு உடல். அவன் அவற்றுக்கு உயிர். இதுவே விசிட்டாத்துவைதம்.

இராமாநுசர் நூல்கள் ஒன்பதும் வடமொழியில் அமைந்தவை. ஆயினும் அவர் ஆணைப்படியே திருக்குருகைப்பிரான் பிள்ளான், திருவாய்மொழிக்கு ‘ஆறாயிரப்படி’ என்னும் முதல் உரையை வகுத்தார் என்பது வைணவ மரபு. வடமொழி மறையும் தமிழ் மறையும் ஒருங்கு போற்றப்பெற்றமையால் இந்நெறி ‘உபய வேதாந்தம்’ எனப் பெயர் பெற்றது.

அம்மாணவன் இன்று என்முன் வரின், இராமாநுசர் வழிநின்று இவ்வாறு கூறுவேன்: “தம்பி, நீயும் உண்மை, உலகமும் உண்மை, ஆயினும் நீ தனித்து நிற்பவன் அல்லை.”