நனவோடையும் நினைவோடையும்

கதைத் தொகுப்புகளின் மதிப்புரைகளில் 'நனவோடை உத்தியில் எழுதப்பட்டது' என்ற வரி அடிக்கடி தட்டுப்படுகிறது. கதையை வாசித்தால், முதியவர் ஒருவர் தம் பள்ளிக்கூட நாட்களை வரிசையாக நினைத்துப் பார்த்திருப்பார். அது பின்னோக்கு உத்தி. நனவோடை முற்றிலும் வேறு: மனத்தில் ஓடுவதை, அது ஓடும்போதே அப்படியே எழுதுவது. குழப்பத்துக்குச் சொல்லின் ஓசையும் ஒரு காரணம். நனவு, நினைவு இரண்டும் காதுக்கு அவ்வளவு நெருக்கம். சுந்தர ராமசாமி தாம் பழகிய எழுத்தாளர்களைப் பற்றிச் சொன்ன நூல்வரிசைக்கு 'நினைவோடை' என்று பெயர். அங்கே அது மிகப் பொருத்தம், அவை நினைவுகள்தாம்.

நனவு பழந்தமிழ்ச் சொல், கனவுக்கு எதிர்ச்சொல். திருக்குறளின் 'கனவுநிலை உரைத்தல்' அதிகாரத்தில் இரண்டும் எதிரெதிரே நிற்கும். விழித்திருக்கும் மனத்தின் நிலை என்ற அந்தப் பொருள்தான் உளவியலுக்கும் கைகொடுத்தது. நனவுக்கு எட்டாத மனத்தைக் குறிக்கும் 'நனவிலி' அதிலிருந்து பிறந்தது. ஓடை என்றால் சங்கப் பாடல்களில் யானையின் நெற்றிப்பட்டமும் உண்டு. இங்கே நீரோடை.

மனத்துக்குள் இந்த நீர் புகுந்தது கதை வழியாக அல்ல, உளவியல் வழியாக. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெய்ன் 1855இலேயே 'ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னஸ்' என்ற ஆங்கிலத் தொடரைக் கையாண்டிருக்கிறார்; அதன் தமிழாக்கமே நனவோடை. அதை நிலைநிறுத்தியவர் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ். 1890இல் வெளிவந்த அவருடைய உளவியல் பெருநூலில் எண்ண ஓட்டத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எண்ணத்தைச் சங்கிலி என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை. சங்கிலிக்குக் கண்ணிகள் உண்டு. மனத்துக்குள் அப்படி மூட்டுகள் இல்லை, அது ஓடிக்கொண்டே இருக்கிறது என்றார்.

1918இல் மே சின்க்ளேர், டோரதி ரிச்சர்ட்சனின் 'பில்கிரிமேஜ்' நாவல் வரிசையைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். ரிச்சர்ட்சனுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் சொல் ஒட்டிக்கொண்டது. சொல் வருவதற்கு முன்பே செயல் நடந்திருந்தது: பிரெஞ்சு எழுத்தாளர் எதுவார் துழார்தேன் 1887இலேயே ஒரு முழுக் கதையையும் ஓர் இளைஞனின் மனத்துக்குள்ளிருந்து எழுதிவிட்டார். அவருக்குத் தாம் பட்ட கடனை ஜேம்ஸ் ஜாய்ஸ் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். 1922இல் வந்த ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் கடைசி அத்தியாயத்தில், படுக்கையில் கிடக்கும் மாலி ப்ளூமின் மனம் நிறுத்தற்குறிகளே அநேகமாக இல்லாமல் பக்கம் பக்கமாகப் பாய்கிறது.

தமிழில் இது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு வாக்கியம்: 'பஸ் வராவிட்டால் அக்கா கோபித்துக்கொள்வாள் என்று கமலா நினைத்தாள்.' இதில் மனத்துக்கும் நமக்கும் நடுவே கதைசொல்லி நிற்கிறார். அவர் நிற்கும் இடம் 'என்று'. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்:

'இன்னும் பஸ்ஸைக் காணோம். அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். மல்லிகை வாசனை, வாங்கியிருக்கலாம், நாலு முழம், அம்மா இருந்தால் ஆறு முழம் என்பாள், கேஸை மூடினேனா, மூடினேன், பூட்டினேன், சாவி.'

அம்மா இறந்துவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. 'இருந்தால்' என்ற ஒரு சொல்லில் அது தெரிந்துவிடுகிறது. கமலா எதையும் உட்கார்ந்து நினைவுகூரவும் இல்லை. வாசனை இழுத்தது, அம்மா வந்தாள், போனாள். நினைவு இங்கே ஓடையில் வரும் பல பொருள்களில் ஒன்று, அவ்வளவே.

ஆங்கிலத்தில் இப்படி ஒரு நினைப்பை மறைமுகக் கூற்றாக்கினால் 'நான்' 'அவள்' ஆகிவிடும், காலமும் பின்னுக்குத் தள்ளப்படும். வர்ஜீனியா வுல்ஃப் 'மிஸஸ் டாலோவே'யில் (1925) அந்தப் படர்க்கையையும் இறந்தகாலத்தையும் பெரும்பாலும் வைத்துக்கொண்டே மனத்துக்குள் போனார். தமிழில் 'என்று'வுக்கு முன்னால் வரும் 'நான்' பெரும்பாலும் நானாகவே இருக்கிறது. 'என்று நினைத்தாள்' என்பதைக் கழற்றினால் போதும், நேரே உள்ளே போய்விடலாம். இந்த உத்திக்குத் தமிழ்த் தொடரமைப்பு இயல்பாகவே இடம் தருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த இடத்தைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறார்கள். நகுலனின் 'நினைவுப்பாதை' (1972) தலைப்பில் நினைவைச் சொன்னாலும், நவீனன் என்ற பாத்திரத்தின் மனம் போகும் போக்கில் வாசகனை விட்டுவிடுகிறது. லா.ச. ராமாமிர்தத்தின் 'அபிதா' நாவலில் பல ஆண்டுகள் கழித்துக் கரடிமலைக்குத் திரும்பும் அம்பி, அபிதாவிடத்தில் அவள் தாய் சகுந்தலையைக் காண்கிறான். அன்று, இன்று என்ற வேலி அங்கே இல்லை. அதே லா.ச.ரா.வின் 'சிந்தாநதி'யோ, பெயரில் நதி இருந்தாலும் வாழ்க்கை நினைவுகளின் தொகுப்பு.

மதிப்புரை எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாத்திரம் பழையதை நினைக்கிறது என்பதற்காக நனவோடை என்று எழுதிவிடாதீர்கள். அதற்குப் பின்னோக்கு என்ற சொல் கைவசம் இருக்கிறது. 'என்று' எங்கெல்லாம் உதிர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.