நாசி ஒட்டும் விதி: விளக்கவுரை

சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்து 16ஆம் அத்தியாயம் செவி துளைத்தலையும் அறுந்த செவியை ஒட்டலையும் கூறுவது. அதன் கடையில், அறுபட்ட மூக்கை மீட்கும் விதியைச் சில சுலோகங்களால் ஆசிரியர் அடக்கி வைத்தார். அவ்விதியின் பொருளைத் தமிழ்ச்சொல்லால் எடுத்து, சொல்தோறும் நின்று உரைப்பதே ஈண்டுக் கருதியது. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயில்வாரும், சத்திரசிகிச்சை வாட்டில் நின்று கற்பாரும் இதற்கு உரியர்.

செவிக்குரிய இடத்தில் மூக்கை வைத்தது என்னையெனின், கூறுதும். கனத்த அணியால் கிழிந்த காதுச்சோணையை மீட்க 15 வகைக் கட்டு முன்னர் வகுக்கப்பட்டன. சோணை அறவே இல்லாதவர்க்குக் கன்னத்துத் தசையால் புதுச்சோணை செய்யும் முறையும் அங்கே சொல்லப்பட்டது. பாம்படம் இழுத்துத் தொள்ளையாகிய தென்பாண்டி மகளிர் காதைக் கண்டார்க்கு அதன் பயன் விளங்கும். காதிற் பழகிய கையே மூக்கிற்கும் செல்லும் என்பது பற்றி, எளியதன்பின் அரியதை வைத்தார் என்க.

மூக்கு அறுபடுதல் தண்டத்தாலும் போராலும் அக்காலத்து மிக்கிருந்தது. கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் காட்டும் ஊரார்க்குச் சூர்ப்பணகை கதை சொல்லித் தர வேண்டுவதில்லை. சத்திரசிகிச்சை வரலாறு எழுதுவோர் சிலர், இராவணன் தன் வைத்தியரை ஏவித் தங்கையின் மூக்கை ஒட்டுவித்தான் என்றும் எழுதுவர். அதற்கு மூலம் காட்டினாரைக் காணோம், ஆதலின் கொள்ளற்க.

இனி விதி.

‘மூக்கின் அளவினதாகிய மரத்திலை’ என்று தொடங்குகின்றது. அளவு என்றது எஞ்சி நிற்கும் குறையின் அளவையன்று. இழந்த மூக்கு முழுமையின் அளவை. குறையை அளந்தால் குறையே வரும். இலை என்றது ஏனெனின், இலை வளைந்து மேடு பள்ளத்தைத் தழுவும். எடுத்து விரித்தால் தட்டையாகி, அறுக்க வேண்டிய தோலின் வடிவை வரைந்து காட்டும். நிமிர்ந்த உருவத்தைத் தளத்தில் கிடத்தும் கணக்கு இவ்வொரு சொல்லில் உள்ளது. பிற்காலத்துப் பூனாவில் இத்தொழில் செய்தவன் ஒருவன் (அவனைப் பின்னர்க் கூறுதும்) இலைக்கு ஈடாக மெழுகுத் தகட்டைக் கொண்டான். இக்காலத்துச் சத்திரசிகிச்சையாளர் தையல்நூல் வந்த உறையின் தகட்டுத்தாளை வெட்டி அளவு கொள்வதுமுண்டு. பொருள் மாறினும் செயல் அதுவே.

‘அவ்வளவினால் கன்னப்பக்கத்தினின்று அறுத்து’ எனவே, தோல் அயலிடத்தது அன்று, முகத்ததே என்பதாயிற்று. முகத்துத் தோலின் நிறமும் தடிப்பும் பிற உறுப்பின் தோலுக்கு வாரா. கன்னத்தை விட்டு நெற்றியைக் கொண்டது பின்னோர் வழக்கு. கன்னத்து மடிப்பின் தோலால் மூக்குச் சிறகை அமைக்கும் முறை இன்றும் வழக்கில் இருத்தலின், மூலம் வழக்கொழிந்தது என்னற்க.

அடுத்து நிற்பது ‘பிணைப்புற்றது’ என்னும் சொல். இவ்விதியின் உயிர் இதிலேயே உள்ளது. மாணாக்கன் இங்கே நெடிது நிற்க. சொல் சுருங்கி நிற்றலின் இதற்கு இருவகையாகப் பொருள் கொள்வர். அறுத்தெடுத்த தசையை மூக்கிற் பிணைத்தல் என்பார் ஒரு சாரார். ஒரு முனை கன்னத்தோடு பிணைப்பு விடாது நிற்ப, மறுமுனையைத் திருப்பி மூக்கிற் சேர்த்தல் என்பார் மற்றொரு சாரார். பின்னதே பொருந்தும். என்னையெனின், இவ்வத்தியாயத்திலேயே சோணை செய்யுமிடத்து, கன்னத்துத் தசை தொடர்புடையதாய், உயிருள்ளதாய் இருத்தல் வேண்டும் என்று ஆசிரியர் வெளிப்படக் கூறினார். முன்னர் விரித்ததைப் பின்னர்ச் சுருக்கிக் கூறுதல் நூலுக்கு இயல்பு. உயிர் என்றது ஈண்டுக் குருதியோட்டத்தை. முற்றும் பெயர்த்த தடித்த தோலுக்குக் குருதி வரும் வழியில்லை. அது கறுத்து அழுகும். ஒட்டுமாங்கன்று செய்வோன் தாய்மரத்துக் கிளையை அறுத்தெறியாமல், அதனோடு இருக்கவே கன்றோடு சேர்த்துக் கட்டி, ஒட்டுப் பிடித்த பின்னரே தாயினின்று நீக்குவான், அதுபோல் என்க.

இதற்கு வழக்காற்றுச் சான்றும் உண்டு. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடோட்டிய கோவாஸ்ஜி என்னும் மராட்டியன் திப்பு சுல்தானின் ஆட்களிடம் அகப்பட்டு, மூக்கும் ஒரு கையும் இழந்தான். ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி இருந்தபின், பூனாவை அடுத்துச் செங்கல் சூளைத் தொழிற்குடியினன் ஒருவன் அவனுக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்தான். தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபின்ட்லே என்னும் ஆங்கில வைத்தியர் இருவர் அதனை உடனிருந்து கண்டனர். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மன்ஸ் மேகசீன்’ அச்செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. நெற்றித் தோலை முற்றும் பெயர்க்காமல், இரு கண்ணிடையே ஒரு சிறு கீற்றை விட்டுவைத்து, அதன்மேல் தோலைத் திருகிக் கீழே இறக்கினான் அத்தொழிலோன். புருவத்தின் உள்முனையருகே மேலேறும் சிறு நாடி அக்கீற்றின் வழியே புதுமூக்கிற்குக் குருதி ஊட்டும். அந்நாடியின் பெயரை அவன் அறிந்திலன். அதைக் காக்க அறிந்தான். இதனைப் படித்த ஜோசப் கார்ப்யூ லண்டனில் 1814இல் இம்முறையைச் செய்து, 1816இல் நூலாக்கினார். நெற்றித்தோல் முறை இன்றும் பெரிய மூக்குக் குறைக்கு முதன்மையாக நிற்கின்றது.

‘மூக்கு நுனியைக் கீறி’ என்பது எஞ்சிய மூக்கின் விளிம்பைப் பச்சைப் புண்ணாக்குதல். ஆறிய வடு ஒட்டாது. பச்சையும் பச்சையுமே கூடும். பகைமுனையால் பட்ட புண் ஆறியிருக்க, அதனை மருத்துவன் மீண்டும் புண்படுத்துதல் தகுமோ எனின், தகும். ஆறியது போலத் தோன்றி ஊனமாய் நின்றதைத் திறவாமல் ஆற்றுதல் இயலாது என்பது கருத்து.

‘விரைந்து பொருத்துக’ என்றது, புண்வாய் காய்வதன்முன் என்றவாறு. ‘நற்கட்டினால்’ என்றது தையலையும் சேர்த்து. ‘அயராத மருத்துவன்’ என வினைமுதலை ஈண்டு விதந்து கூறியது நோக்குக. மருந்து தூவுமிடத்துக் கூறாமல், பொருத்துமிடத்தில் கூறினார். சோர்வு நேரின் அழியுமிடம் அதுவாகலின். அயராமை பயிற்சியால் வரும். அப்பயிற்சியை 9ஆம் அத்தியாயத்தில் முன்னரே விதித்துள்ளார்: பூசணி, சுரை, வெள்ளரி இவற்றில் வெட்டப் பழகுக, துணியிலும் மெல்லிய தோலிலும் தைக்கப் பழகுக, செவி ஒட்டுதற்கு மெல்லிய தசைத்துண்டிலும் ஆம்பற்றண்டிலும் பழகுக என்று. மனித முகம் பயிற்சிக்களம் அன்று என்பது அங்கே பெறப்படும்.

‘இரு குழலினால் உயர்த்தி’ என்புழி, குழல் ஆமணக்குத் தண்டு என்று கொள்வர். இரண்டு என்றது மூக்குத் துளை இரண்டாகலின். இக்குழலுக்குத் தொழிலும் இரண்டு: மூச்சு விடும் வழியை அடையாமற் காத்தல், எலும்பும் குருத்தும் இல்லாத வெறுந்தோல் அமிழ்ந்துவிடாமல் தாங்கி நிறுத்தல். பூனாவில் பத்தாம் நாள் மெல்லிய துணித்திரியைத் துளையிற் செருகினர். இக்காலத்தார் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பை எடுத்துத் தோலுக்கு உள்தாங்கு வைப்பர். தோல் மட்டும் மூக்கு ஆகாது என்பதை ‘உயர்த்தி’ என்னும் ஒரு சொல் முன்னரே உணர்த்திற்று.

தூவும் மருந்து பதங்கம், அதிமதுரம், அஞ்சனம் மூன்றும். வெண்பஞ்சால் மூடி, எள்ளெண்ணெயைப் பலகாலும் நனைக்க என்றது, பஞ்சு புண்ணோடு ஒட்டிப் புதுத்தோலைப் பெயர்க்காமைப் பொருட்டு. பூனாவில் காசுக்கட்டியைக் குழைத்துத் துணிக்கீற்றிற் பூசி நான்கு நாள் ஒட்டிவைத்து, பின்னர் நெய்த்துணி இட்டனர். நோயாளிக்கு நெய் ஊட்டலும் கழிச்சல் கொடுத்தலும் அக்காலத்து முறை. இக்காலத்தார் அதனைப் பின்பற்றற்க.

‘கூடியபின், எஞ்சிய பாதியை மீண்டும் அறுக்க’ என்பது அடுத்த விதி. முன்னர்த் தோல் முற்றும் பெயர்க்கப்பட்டிருப்பின், மீண்டும் அறுத்தற்கு எஞ்சியது யாது? ஆகவே பிணைப்பு ஒன்று விடப்பட்டிருந்தது என்பதும், ஒட்டுப் பிடித்தபின் அதனைத் துண்டிக்க என்பதும் இதனால் பெறப்பட்டன. மேல் இருசாரார் வழக்கைத் தீர்ப்பது இச்சொல்லே. நாள் இத்துணை என்று ஆசிரியர் கூறாமல் ‘கூடியபின்’ என்று நிலையைக் கூறினார், உடல்தோறும் நாள் வேறுபடுமாகலின். பூனாவில் 25ஆம் நாள் கீற்றை அறுத்தனர். இன்று பெரும்பாலும் மூன்று கிழமை.

கன்னமும் நெற்றியும் ஒருங்கே வெந்தார்க்கு இவ்விதி யாது செய்யும் எனின், வினா தக்கதே. திருகோணமலைத் துறைமுகத்தார்க்குப் பின்னும் தக்கது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசியபோது, சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கி ஒன்றில் ஒரு விமானம் மோதி எழுந்த தீ நாட்கணக்கில் எரிந்தது. அத்தகைய தீயில் முகத்தில் எடுக்கத் தோல் இராது. அதற்கு விடை கடற்படையார் புண்ணிலேயே பிறந்தது. 1916 ஜட்லாந்துக் கடற்போரில் ‘வார்ஸ்பைட்’ கப்பலின் பீரங்கி அலுவலர் வால்டர் இயோ கண்ணிமைகளை இழந்தார். சத்திரசிகிச்சையாளர் ஹெரால்ட் கில்லிஸ் 1917இல் அவர் மார்புத் தோலை எடுத்து முகத்திற் போர்த்தினார். பிணைப்புத் தோலின் இரு விளிம்பையும் சுருட்டித் தைத்துக் குழலாக்கும் முறையையும் அவ்வாண்டிலேயே கில்லிஸ் கண்டார். குழலான தோலில் புண்முகம் வெளியே இராது. சீழ் பிடித்தல் குறையும். உள்ளே குருதி ஓடும். தொலைவிடத்துத் தோல் முகத்தை எட்டியது இதனால். அதே ‘வார்ஸ்பைட்’ 1942இல் இத்தீவின் கடலில் கிழக்குக் கடற்படையின் தலைமைக் கப்பலாய் நின்றது. இடம் மாறியதன்றிப் ‘பிணைப்புற்றது’ என்னும் சொல் கில்லிஸ் கையிலும் மாறவில்லை என்க.

‘குறைந்ததை வளர்க்க முயல்க, மிக்க தசையைச் சமன் செய்க’ என்றார். முன்னதற்கு ‘முயல்க’ எனவும் பின்னதற்குச் ‘செய்க’ எனவும் வேறு வினை தந்தது கருதத்தக்கது. மிக்கதைக் குறைத்தல் கைக்குள் அடங்கும். குறைந்ததை மிகுத்தல் முயற்சியளவே. மூச்சுவழி திறந்து புண் ஆறிய பின்னும் இவ்விதி தொடர்தலின், அழகும் மருத்துவனுக்குக் கடனே என்பது உடன்பாடு. அழகுச் சத்திரசிகிச்சையை வீண் என்று இகழ்வார் இவ்வடியை நோக்குக. ஆயின் இழந்ததை ஈடு செய்தபின் வரும் சமன்பாட்டையே ஆசிரியர் கூறினார். நல்ல மூக்கைப் படத்திற் கண்ட மூக்காக்க இதனை மேற்கோள் காட்டுதல் நூலுக்குப் பிழை.

ஈற்றில், உதட்டிற்கும் இதுவே விதி, குழல் ஒழித்து என்றார். உதடு மூச்சுத்துளை அன்மையின் குழல் வேண்டா. இதனை அறிந்தவன் அரசனுக்கும் செய்யத் தக்கவன் என்றது, பிழைக்கு இடமில்லாத இடத்தும் நம்பத்தக்கவன் என்றவாறு.

உதடு என்றது வெட்டுண்ட உதட்டை. பிளந்தே பிறந்த உதட்டை அன்று. பிளந்த உதட்டில் இருபுறமும் கருவிற் கூடாமல் நின்றன. அவற்றைக் கூட்டலே தொழில், கன்னத்தை அறுத்தல் அன்று. கிரகணத்தில் தாய் வெளியே வந்ததால் உண்டாயிற்று என்று வீட்டார் மறைத்து வைப்பதும் இப்பக்கத்தில் உண்டு. அச்சொல்லுக்கு ஆதாரம் இல்லை. உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துள் சீர் செய்வது வழக்கு. அண்ணம் பிளந்திருப்பின் அதற்குப் பின்னர். பாலருந்தத் தடுமாறும் அப்பிள்ளையைப் பிறந்த கிழமையிலேயே வைத்தியசாலைக்குக் கொண்டு வருமாறு தாய்க்கும் பேத்தியார்க்கும் எடுத்துச் சொல்லுக.