பெல்லாரியிலிருந்து வந்த நாடகம்

நாடகம்னாலே அது சென்னை சபாக்களில் பிறந்து, பிறகு நம்மைப் போன்ற சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தது என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

1891-இல் பெல்லாரியிலிருந்து சரச விநோதினி சபா என்ற குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தியது. அதன் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு ஒரு வக்கீல். படித்தவன் வேஷம் கட்டுவதா என்று முகம் சுளித்த காலம் அது. ஒரு வக்கீலே மேடையேறியதைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. பின்னாளில் நீதிபதியான பிறகும் நாடகத்தை அவர் விடவில்லை. 'மனோகரா' அவர் எழுதியதுதான்.

திருச்சிக்கு வருவோம். 1914-இல் அங்கே ரசிக ரஞ்சன சபா உருவானது. அதற்கு வித்திட்ட எஃப்.ஜி. நடேச ஐயர் ரயில்வே அதிகாரி. பொற்கொல்லர் வீட்டுப் பையன் ஒருவனின் குரலைக் கேட்டு, 'அரிச்சந்திரா'வில் லோகிதாசனாக மேடையேற்றினார். அந்தப் பையன்தான் எம்.கே. தியாகராஜ பாகவதர்! உள்ளூர் மேடை இல்லாவிட்டால் அந்தக் குரலை யார் கேட்டிருப்பார்கள்?

எங்கள் ஊர்க் குழுவிலிருந்து பாகவதர் யாரும் வரவில்லை. ஆனால் பகலில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு கைகட்டி நிற்கும் தையற்காரர், ராத்திரி ஒத்திகையில் ராஜா. அதே ஆபீஸ் குமாஸ்தா அவருக்குச் சேவகன். "என்ன ராஜா, வசனம் பாடமாயிடுச்சா?" என்று மறுநாள் கடைத்தெருவில் குமாஸ்தாவே நின்று விசாரிப்பார். மேடையில் மாறிய இடம் தெருவிலும் கொஞ்சம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். சிற்றூருக்கு நாடகம் தருவது இதைத்தான்.

ஒரு குறையும் உண்டு. சுகுண விலாச சபாவில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றார்கள். எங்கள் ஊரிலோ மதுரையிலிருந்து நடிகையை அழைத்து வருவோம். உள்ளூர்ப் பெண்கள் பாயை விரித்துக் கீழே உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

இன்று வீட்டுக்கு வீடு டி.வி., கைக்குக் கை செல்போன். பார்ப்பதற்குப் பஞ்சமில்லை, சேர்ந்து செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை. ஆகவே நண்பர்களே, அடுத்த சந்திப்பில் ஒரு மணி நேர நாடகம் ஒன்று போடுவோம். நம்மோடு படித்த சகோதரிகளும் மேடையேறட்டும். ஒத்திகைக்கு நான் ரெடி, நீங்கள்?